முன் சீட்டு இல்லாமல் போன கார்

பழைய காரின் முன் சீட்டை எப்படிக் கழற்றுவது என்று சொல்லித்தர என்னைவிட நல்ல ஆட்கள் இப்போது உங்களுக்கு இருக்கிறார்கள். போனைத் திறந்தால் படத்தோடு காட்டுகிறார்கள். எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர், துருப்பிடித்தால் என்ன எண்ணெய், வயரை எங்கே பிடித்து இழுக்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வருகிறேன். சீட்டைக் கழற்றிய பிறகு கார் நம் கையில் கிடக்கிற நேரம் இருக்கிறதே, அது கொஞ்சம் பயமான நேரம். அந்த நேரத்தில் அந்தக் கார் யாருக்கும் உதவாது. யாருக்கு எப்போது அது தேவைப்படும் என்றும் நமக்குத் தெரியாது.

குஷன் வேலை பழக வந்திருக்கும் உங்களில் சிலருக்கு என்னைத் தெரியாது. பெயர் பிலோமினா. நான் தைக்கப் பழகியது கார்மென்ட் ஃபாக்டரியில். அங்கே காற்சட்டைப் பை தைத்துத் தைத்து அலுத்துப் போய், யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் சின்னக் கடைத்தெருவில் கார் குஷன் கடையொன்றில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கடையில் இரண்டே பேர். சீட்டைக் கழற்றுவது, வெல்டிங் வைப்பது, திரும்பப் பூட்டுவது எல்லாம் பாஸ் வேலை. வெட்டுவது, தைப்பது, ஃபோம் வைப்பது என் வேலை. பாஸ் சிங்களவர், பக்கத்துக் கிராமத்துக்காரர். தங்கை என்ற பொருளில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். வேலை நேரத்தில் என்னோடு தமிழில் பேசுவார், இடையில் ஒன்றிரண்டு சிங்களச் சொல் விழும், கோபம் வந்தால் முழுக்கச் சிங்களத்துக்கு மாறிவிடுவார். கோபம் வந்த நாட்களைவிட வராத நாட்கள்தான் அதிகம்.

மழைக்காலத்தில் ஒருநாள் கணேசன் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருப்பவர். அந்தப் பழைய ஜப்பான் காரை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. மனைவி புஷ்பம் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர். கார் ஓடுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் டிரைவர் சீட்டு ஒரு பக்கம் அமிழ்ந்து போய், கணேசன் எப்போதும் யாருடைய காதிலோ ரகசியம் சொல்லப் போகிறவர் போலச் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். பக்கத்துச் சீட்டின் அடித்தண்டு வெடித்து, ஒவ்வொரு வளைவிலும் ஆடும். மழைக்கு ஹயர் குறைவு, அதனால் இரண்டையும் ஒரே தடவையில் செய்து கொடுங்கள் என்று கேட்டார். செய்யலாம் என்றோம்.

காலையிலேயே பாஸ் இரண்டு சீட்டையும் வெளியே எடுத்துவிட்டார். பழைய காரில் அது சும்மா வந்துவிடாது. டிரைவர் பக்கத்தில் ஒரு போல்ட்டோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார். நான் டிரைவர் சீட்டின் உறையை உரித்து, ஃபோமைக் கழற்றி, வெறும் கம்பிக் கூடாக்கி மேசையில் வைத்தேன். பக்கத்துச் சீட்டின் வெடித்த தண்டைப் பாஸ் இரண்டாக வெட்டி வெல்டிங்குக்குத் தயார் செய்தார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கணேசன் எதிரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் போன் வந்ததை நான் பார்க்கவில்லை. ரோட்டைக் கடந்து ஓடி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்தேன்.

"அக்கா, சீட்டப் போடுங்க. ரெண்டையும் போடுங்க. புஷ்பம் மலையில விழுந்துட்டாளாம்."

ரப்பர் பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டதாம். வழுக்கி, கீழே இருந்த கல்லில் போய் மோதியிருக்கிறார். அம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் எங்கள் கடைத்தெருவுக்குக் கீழே வளைவில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. அம்புலன்ஸ் அந்தப் பக்கம் வந்து நிற்கலாம், இந்தப் பக்கம் வர முடியாது. தோட்டத்து லொறியும் பால் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இருந்தவை சில ஆட்டோக்களும், உள்ளே ஒன்றுமில்லாமல் எங்கள் முற்றத்தில் நின்ற அந்தக் காரும்தான்.

பாஸ் வெல்டிங் மெஷினைப் போட ஓடினார். "தண்டு ரெண்டா கெடக்கு. ஒட்டிக் குடுக்கிறேன். கொஞ்சம் பொறுங்க."

எனக்கும் கை பரபரத்தது. ஃபோமை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தடவை எடுத்து வைத்தேன். அப்போது ஒரு கேள்வி வந்தது. அது ஏன் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வந்தது நல்லதாகப் போயிற்று.

"தம்பி, எங்க அடிபட்டிருக்கு?"

"தெரியாதுக்கா. காலுன்னாங்க."

"உக்கார முடியுமான்னு கேளுங்க."

"அத இப்ப எதுக்குக்கா கேட்டுக்கிட்டு. சீட்டப் போடுங்க மொதல்ல."

"கேளுங்க தம்பி. அதுக்குத் தக்கமாதிரிதான் போடணும்."

அவர் போனை எடுத்தார். நான் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா பேசினார். புஷ்பத்தை அங்கேதான் தூக்கிவந்து கிடத்தியிருந்தார்கள்.

"தொட ஒடஞ்சிருக்கு போல. காலு வெளிப்பக்கமா திரும்பிக் கெடக்கு. தோட்டத்து மருந்துக்காரர் வந்து ரெண்டு காலையும் சேத்துக் கட்டிட்டாரு. மடக்கவே கூடாதாம். ஆட்டோவுல ஏத்த வேணாம்னுட்டாரு. படுக்க வச்சேதான் கொண்டு போகணுமாம்."

நான் பாஸைப் பார்த்தேன். "பாஸ், வெல்டிங் வேணாம். அந்தப் பக்கத்துக்குச் சீட்டே வேணாம்."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து டாஷ்போர்டு வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு தடையும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. மெஷினை அணைத்தார். "ஹரி," என்றார், சரி என்பதற்கு அவர் வாயில் வருகிற சிங்களச் சொல். "டிரைவர் சீட் மட்டும் போடுவோம்."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒருவர் பதறிக்கொண்டு வந்து ஒன்றைக் கேட்கும்போது, அவர் கேட்டதை அப்படியே செய்வது உதவியாகத்தான் தெரியும். கணேசன் கேட்டது சீட்டு. அவருக்குத் தேவைப்பட்டது சீட்டு இல்லாத இடம். அது அவருக்கே தெரியாது, அந்த நிலையில் எப்படித் தெரியும்? ஸ்பேனரைத் தொடுமுன் இந்தக் கார் இப்போது எதைக் கொண்டுபோகப் போகிறது என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்குச் செலவாகிற நேரம் கொஞ்சம்தான்.

ஆனால் அடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. கணேசன் எங்கள் கடைவாசலில் கிடந்த சோடாப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டு இருந்த இடத்தில் கவிழ்த்தார்.

"இதுல உக்காந்து ஓட்டிருவேன். சாவியக் குடுங்க."

சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"சீட்டுப் பூட்டாம கார் வெளியில போகாது தம்பி."

"எனக்கு இந்த ரோடு தெரியும். கண்ணக் கட்டிட்டு ஓட்டுவேன்."

"ரோடு தெரியும், சரி. பெட்டி வழுக்கினா காலு பிரேக்க விட்டுப் போயிரும். பின்னால கால் ஒடஞ்சவங்க படுத்திருப்பாங்க."

அவர் என்னை முறைத்தார். எப்போதும் அமைதியான மனிதர். "ஒங்க வீட்டு அண்ணனுக்கு இப்படி ஆகியிருந்தா இங்க நின்னு நியாயம் பேசிக்கிட்டிருப்பீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆகியிருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன், ஒருவேளை இன்னும் மோசமாக. அதனால்தான் அந்த நேரத்தில் சாவி வேறொருவர் பையில் இருக்க வேண்டும். நான் கம்பிக் கூட்டைத் தூக்கினேன். பாஸ் மறுபக்கம் பிடித்தார். "கலபல வென்ன எபா மல்லி, பதறாதே தம்பி," என்று கணேசனிடம் மெதுவாகச் சொன்னார். "இவ சொல்றது சரி. நீ அந்தப் பெஞ்சுப் பலகையக் கழட்டு."

வாடிக்கையாளர்கள் உட்காருவதற்குக் கடையில் ஒரு பெஞ்சு இருந்தது. நல்ல நீளமான, கனத்த பலகை. கையில் சுத்தியலைக் கொடுத்ததும் கணேசன் அதன் காலைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். வேலை கொடுத்த பிறகு அவருடைய மூச்சு கொஞ்சம் அடங்கியது. அழுகிறவர் கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவது பாஸின் வழக்கம். நான் அவரிடமிருந்து கற்றவற்றில் அதுவும் ஒன்று.

சீட்டின் முன் இரண்டு போல்ட்டும் சரியாக ஏறின. பின்னால் கதவுப் பக்கத்தில் ஒன்றும் ஏறியது. காலையில் மல்லுக்கட்டிய நான்காவது போல்ட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவில்லை. தரைத் தகட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த நட்டு, துருவில் விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. பழைய காரில் இது சாதாரணம். மற்ற நாளென்றால் காரை உயர்த்தி, நிதானமாகப் பார்த்துச் செய்வோம்.

பாஸ் நெற்றியைத் துடைத்தார். "மூணு பிடிச்சிருக்கு நங்கி. மெதுவா போனா போதும்."

அவர் அனுபவத்துக்கு முன்னால் என் அனுபவம் ஒன்றுமில்லை. மூன்றில் போய்விடலாம் என்று அவர் சொன்னால் போய்விடலாம்தான். ஆனால் கீழே மண் சரிந்த பாதை. மெதுவாகப் போகலாம் என்று நாம் முற்றத்தில் நின்று சொல்லலாம், பாதை அதற்குச் சம்மதிக்க வேண்டுமே.

"யாராவது அடியில போய் நட்டப் புடிச்சா இறுகுமா?"

"இறுகும். நான் எப்படிப் போறது?" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். ஜாக்கி வைத்து உயர்த்த முற்றத்து மண் சேறாகிக் கிடந்தது. வைத்தால் ஜாக்கிதான் உள்ளே போகும். கணேசனை அடியில் அனுப்ப எனக்கு மனமில்லை. அந்த நிலையில் ஒரு மனிதரைக் காருக்கடியில் விடக் கூடாது.

ஒரு பழைய ரெக்சின் துண்டை விரித்து நானே மல்லாந்து படுத்து உள்ளே போனேன். தண்ணீர் முதுகுக்கடியில் ஓடியது. தலைக்கு மேலே தகடு. துருத் தூள் கண்ணில் விழுந்தது. தடவித் தடவி நட்டைக் கண்டுபிடித்து ஸ்பேனரை மாட்டினேன். "புடிச்சிட்டேன், சுத்துங்க." மேலே பாஸ் சுற்ற, ஸ்பேனர் என் கையை முறுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு இறுகியது. இறுகும்போது கைக்கு ஒரு நிச்சயம் வரும், உங்களுக்கும் அது சீக்கிரம் பழகிவிடும்.

பாஸ் சீட்டின் முதுகைப் பிடித்து, காரே ஆடும்படி உலுக்கிப் பார்த்தார். "ஹரி," என்றார்.

உறை போட நேரமில்லை. கம்பிக் கூட்டின் மேல் பழைய ஃபோமை வைத்து பெல்ட் நாடாவால் இழுத்துக் கட்டினேன். பக்கத்துத் தரையில் சீட்டு இருந்த இடத்தில் அதைப் பூட்டும் இரும்புக் காதுகள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கையால் தரை முழுவதும் தடவிப் பார்த்து, கையில் குத்திய இடத்திலெல்லாம் கார்ப்பெட் துண்டுகளை மடித்து வைத்தேன். அதன்மேல் பின் சீட்டின் உயரத்துக்குக் கடையிலிருந்த கெட்டி ஃபோம் எல்லாவற்றையும் அடுக்கினேன். பலகையையும், ஃபோம் வெட்டும் கத்தியையும், நாடாச் சுருளையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். கணேசன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். சாவியைக் கொடுத்தேன். பாஸ் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு, மண் சரிந்த இடத்தில் ஆள் சேர்க்க நடந்து போனார்.

பிள்ளைக் காம்பராவின் வெளி விறாந்தையில் புஷ்பம் கம்பளியில் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. உடம்பெல்லாம் மண்ணும் ரப்பர் பாலும். கணேசன் பக்கத்தில் உட்கார்ந்ததும், "பால் எல்லாம் கொட்டிப் போச்சுங்க," என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். கணேசன் தலையைத் தடவிக்கொண்டே, "போனா போகுது, போனா போகுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்துக்காரர் சொன்னபடி கம்பளியோடு பலகைக்கு மாற்றினோம். எங்கே இடைவெளி இருந்ததோ அங்கேயெல்லாம் நான் ஃபோமை வெட்டி வெட்டிச் செருகினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு ஆப்பு, இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஆப்பு, கணுக்கால் புரளாமல் ஒன்று. வாழ்நாள் முழுவதும் உட்காருகிறவர்களுக்கு ஃபோம் வெட்டியவள் நான். படுத்திருப்பவர்களுக்கு வெட்டியது அன்றுதான். உடம்பு எங்கே அழுத்தும், எங்கே தொங்கும் என்கிற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். நாடாவால் பலகையோடு சேர்த்துக் கட்டி, முன் கதவு வழியாகத் தலையை முதலில் விட்டு, மெதுவாகச் சாய்த்து உள்ளே தள்ளினோம். தலை பின் சீட்டில், கால் டாஷ்போர்டுக்குக் கிட்ட. முன் சீட்டு இருந்திருந்தால் நடக்காத காரியம்.

நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து புஷ்பத்தின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கணேசன் ஓட்டியதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். சற்று முன் சோடாப் பெட்டியில் உட்கார்ந்து பறக்கப் பார்த்த மனிதர், ஒவ்வொரு குழிக்கும் "குழி வருது புஷ்பம்," என்று சொல்லிவிட்டு இறக்கினார். பாதையோரக் கோயிலுக்குக் கீழே இறக்கத்தில் மேலேயிருந்து ஒரு மண்கட்டி உருண்டு பாதையின் நடுவில் விழுந்தது. அவர் பிரேக்கில் ஏறி நின்றார். உடம்பு முழுவதும் சீட்டின் முதுகில் அழுந்தியது, அந்தக் கம்பிக் கூடு என் முழங்காலில் இடித்தது. ஆனால் சீட்டு அசையவில்லை. பலகையும் அசையவில்லை. புஷ்பம் மட்டும் "மாரியம்மா," என்று முனகினார். நானும் என் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

மூன்று போல்ட்டில் அது நின்றிருக்குமா? நின்றிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலே இருப்பதில் எனக்கு நிம்மதிதான்.

மண் சரிந்த இடத்தில் பாஸ் ஆட்களோடு காத்திருந்தார். அவருடைய கிராமத்து ஆட்கள், தேத்தண்ணிக் கடைக்காரர், ஆட்டோக்காரர்கள். மண்மேட்டின் மேல் வாழை மட்டைகளையும் சாக்குகளையும் போட்டு நடக்கத் தடம் செய்து வைத்திருந்தார்கள். பலகையை இருந்தபடியே வெளியே இழுத்து, கைமாறிக் கைமாறி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அம்புலன்சில் வந்த பையன் கட்டுகளையும் ஃபோம் ஆப்புகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையும் பிரிக்காமல் பலகையோடு ஏற்றிக்கொண்டான். கணேசனும் கூடப் போய்விட்டார். கார் இந்தப் பக்கமே நின்றது. பாஸ் அதைத் திருப்பி ஓட்டி வந்தார். கடைக்கு வந்து இறங்கும்போது சீட்டின் முதுகை இன்னொரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டு, "நாலுதான் சரி," என்றார்.

புஷ்பத்துக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கிளினிக்குக்குப் படுத்தபடிதான் போக வேண்டியிருந்தது. அதனால் பக்கத்துச் சீட்டு எங்கள் கடையிலேயே இருந்தது. பாஸ் அதை வெல்டிங் வைத்து முடித்தார். நான் இரண்டுக்கும் உறை தைத்தேன், டிரைவர் சீட்டை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டோம். சும்மா வந்து பேசிக்கொண்டிருந்த ஒருநாள் கணேசன் பலகை இல்லாத எங்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டு, பிறகு வரும்போது புதுப் பலகையோடு வந்து தானே அறைந்து கொடுத்தார். அன்று சொன்ன வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெயில் காலம் வந்து, புஷ்பம் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் இருவருமாகக் காரில் வந்தார்கள். சீட்டைப் பூட்டிவிடச் சொன்னார்கள். நான் இருக்கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, விளிம்பைச் சரித்து வைத்திருந்தேன், உட்கார்ந்து எழும்பத் தொடை வலிக்காமல் இருக்கட்டும் என்று. பாஸ் பூட்டி முடித்து உலுக்கிப் பார்த்தார். புஷ்பம் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "நல்லா இருக்குக்கா," என்றார். ஆனால் முகத்தில் ஏதோ யோசனை இருந்தது.

"என்னா, ஒசரம் கூடிப் போச்சா?"

"இல்லக்கா. சீட்டு நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "இத்தன வருசமா ரப்பர் மரத்துல பட்டையத் தவிர வேற எதையும் நான் பாத்ததில்ல. கிளினிக்குக்குப் படுத்துக்கிட்டே போனப்பதான் ஜன்னல் வழியா மேல பாத்தேன். அம்புட்டு ஒசரத்துல அம்புட்டு எலை. காத்துக்கு ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு சாஞ்சு ஆடுது. இனி உக்காந்துல்ல போகணும்."

கணேசன் காரைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். தோட்டத்து வளைவில் மரங்கள் தொடங்கும் இடத்தில் கார் நின்றுவிட்டது. ஏதும் பழுதோ என்று பாஸ் ஸ்பேனரோடு ரோட்டுக்கு வந்தார். பழுதில்லை. புஷ்பம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கணேசன் அவசரப்படாமல் காத்திருந்தார்.